வரலாற்று வகுப்பில் காலனிய நீக்கம்: பெட்டிச் செய்தி சேர்த்தால் போதுமா?

ஜூன் 3, மாலை (கேள்வி)

எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிறேன். புதிய பதிப்பில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் இரண்டு பேரைப் பற்றிப் பெட்டிச் செய்தி வந்திருக்கிறது. ஒரு படமும் உண்டு. மற்றபடி பாடம் பழைய பாடம்தான். இதையே காலனிய நீக்கம், அதாவது பாடத்திலிருந்து காலனியப் பார்வையை அகற்றுவது, என்கிறார்கள். பாடநூலை நான் மாற்ற முடியாது, கையில் இருப்பது 40 நிமிடம். இனவெறிக்கு எதிராக வரலாறு சொல்லித்தருவது என்றால் திங்கட்கிழமை காலை வகுப்பில் சரியாக என்ன செய்ய வேண்டும்?

ஜூன் 3, இரவு

பெட்டிச் செய்தி போதாது. பாடத்தின் நடுவில் ஓடும் வாக்கியங்கள் அப்படியே இருக்கும்வரை, ஓரத்தில் யார் படத்தைப் போட்டாலும் அவர் விருந்தாளிதான். வீட்டுக்காரர் மாறவில்லை.

தொடங்க வேண்டிய இடம் வினைச்சொல். ஏறக்குறைய எல்லாப் பாடநூல்களிலும் இருக்கும் வாக்கியம் இது:

"ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டனர்."

நான்கே சொற்கள். அதில் மூன்று பிழைகள். முதலாவது, செய்தவர் இல்லை. "பட்டனர்" அவரை மறைத்துவிட்டது. இரண்டாவது, ஆப்பிரிக்காவில் இருந்தவர்கள் "அடிமைகள்" அல்லர். உழவர், கொல்லர், தாய், படைவீரர் என்று இருந்தவர்களை வழியில் யாரோ அடிமையாக்கினார்கள். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை: "கொண்டுவர". வாக்கியம் சொல்பவர் எங்கே நிற்கிறார்? அமெரிக்கக் கரையில், தோட்ட முதலாளியின் பக்கத்தில். ஆப்பிரிக்கக் கரையில் நிற்பவருக்கு அது "கொண்டுபோனார்கள்". வா, போ என்ற இரண்டு வினைகளுமே பேசுபவர் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவதால், தமிழில் இதைக் காட்டுவது எளிது. பத்து வயதுக் குழந்தைக்கும் புரியும்.

செய்முறை:

பாடத்திலிருந்து ஐந்து வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம், நேரம் போதாது. மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து மூன்று காரியம் செய்யட்டும்: "பட்டது, பட்டனர்" என்று முடிவதை வட்டமிடுவது, "யார் செய்தது?" என்று ஓரத்தில் எழுதுவது, வா/போ வினை இருந்தால் அம்புக்குறி போட்டு, சொல்பவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்று காட்டுவது. இதற்கு 12 நிமிடம். பிறகு ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாக்கியத்தை மட்டும் திருப்பி எழுதட்டும், இன்னொரு 10 நிமிடம். மீதி நேரம் வாசித்துக்காட்டிப் பேச.

மேலே உள்ள வாக்கியம் ஏறக்குறைய இப்படி மாறும்: "கடற்கரை அரசர்களும் தரகர்களும் பிடித்து விற்ற மனிதர்களைப் போர்த்துக்கீசிய, பிரிட்டிஷ், பிரெஞ்சு வணிகர்கள் விலைக்கு வாங்கிக் கப்பலில் அடைத்து அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோய் அடிமைகளாக விற்றார்கள்." நீளமாக இருக்கிறது என்று மாணவர்கள் குறைப்படுவார்கள். "எதை வெட்டலாம்?" என்று அவர்களையே கேளுங்கள். ஒவ்வொரு சொல்லாக வெட்டிப் பார்க்கும்போது யார் மறைகிறார்கள் என்பது கண்ணெதிரே தெரியும்.

கடற்கரை அரசர்களையும் தரகர்களையும் விட்டுவிடாதீர்கள். விட்டால் பாடம் பொய்யாகிவிடும், வேறோரிடத்தில் அதைப் படிக்கும் மாணவர் நீங்கள் சொன்ன மற்றதையும் சந்தேகிப்பார். அவர்களைச் சேர்ப்பதால் வணிகரின் பொறுப்பு குறைவதில்லை. கப்பல், காப்பீடு, கடன், சர்க்கரைச் சந்தை எல்லாம் யார் கையில் இருந்தன என்று அடுத்த கேள்வி கேட்டால் போதும்.

இந்தப் பயிற்சி கெடும் இடம் ஒன்று உண்டு. "யார் செய்தது?" என்ற ஓரக் கட்டத்தில் பாதிப் பேர் "வெள்ளைக்காரர்கள்" என்று எழுதுவார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் பாடம் தோற்றது. தோல் நிறத்தைக் காரணமாகச் சொல்வதுதான் நிறவெறியின் தர்க்கம், இப்போது அது திசை மாறி நிற்கிறது. "எந்த நிறுவனம்? எந்தச் சட்டம்? யார் முதலீடு? எந்தக் கப்பல் தலைவர்?" என்று பெயர் கிடைக்கும்வரை தள்ளுங்கள்.

ஜூன் 4, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். செயப்பாட்டு வினை எல்லாமே குற்றம் என்ற தொனி வந்துவிட்டது. அப்படி இல்லை. பாதிக்கப்பட்டவரையே வாக்கியத்தின் தலைமாட்டில் வைக்க விரும்பும்போது அது வேண்டும். செய்தவர் யார் என்று சான்றே இல்லாதபோதும் வேண்டும். தெரிந்திருந்தும் சொல்லாமல் விடுவதுதான் சிக்கல்.

1781-ல் ஸாங் என்ற அடிமை வணிகக் கப்பலில் அடைபட்டிருந்த 130-க்கும் மேற்பட்டவர்கள் உயிருடன் கடலில் வீசப்பட்டார்கள். இங்கே வாக்கியத்தை நிறுத்தினால் புயல் வீசியதுபோல இருக்கும். வீசியவர்கள் கப்பலின் மாலுமிகள். ஆளுக்கு 30 பவுன் என்று உரிமையாளர்கள் காப்பீடு கேட்டார்கள். 1783-ல் அது லண்டன் நீதிமன்றத்துக்குக் காப்பீட்டு வழக்காகத்தான் போனது, கொலை வழக்காக அல்ல. அந்தக் கடைசி விவரத்தை மாணவரிடம் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். விளக்க வேண்டாம்.

ஜூன் 5

"இனம்" என்ற சொல் தமிழில் ஒரு தனித் தொல்லை. மாட்டினம், நெல்லினம் என்கிறோம். அதே சொல்லை மனிதருக்கும் போடுகிறோம். அதனால் மனித இனங்கள் உயிரியல் வகைகள் என்று மாணவர் தானாகவே எடுத்துக்கொள்கிறார். பாடம் தொடங்கும் முன் இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

வேலை செய்யும் வழி: இனம் என்பதற்குப் பிறந்த தேதி காட்டுவது. அமெரிக்காவில் ஆங்கிலேயர் காலனியாக இருந்த வர்ஜீனியாவில் 1662-ல் ஒரு சட்டம் வந்தது. குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்றது அது. ஆங்கிலேய வழக்கில் அதுவரை தந்தை வழிதான். ஏன் திடீரென்று தாய் வழி? அடிமைப்படுத்திய பெண்ணுக்கு முதலாளியால் பிறந்த குழந்தையும் முதலாளியின் சொத்தாகவே இருக்க வேண்டும் என்பதற்காக. மாணவர்களிடம் "இந்தச் சட்டத்தால் யாருக்கு லாபம்?" என்ற ஒரே கேள்வி போதும்.

அடுத்து புளூமென்பாக் என்ற 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய உடற்கூறியலாளர். மனிதர்களை ஐந்து வகையாகப் பிரித்தவர். வெள்ளையருக்கு "காக்கேசியர்" என்ற பெயரைப் பரப்பியவர். தன் சேகரிப்பில் இருந்த ஜார்ஜியப் பெண் ஒருத்தியின் மண்டையோடு மிக அழகாக இருக்கிறது என்பது அவருடைய காரணங்களில் ஒன்று. இன்றும் படிவங்களில் அந்தச் சொல் இருக்கிறது. பிறகு 1972-ல் அமெரிக்க மரபியலாளர் லெவன்டின் செய்த மரபணு ஆய்வைச் சொல்லுங்கள்: மனிதருக்குள் உள்ள வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள்தொகைக்கு உள்ளேயே இருக்கிறது, இனங்களுக்கு இடையில் அல்ல.

ஆனால் "இனம் என்று ஒன்றுமே இல்லை, எல்லாரும் ஒன்று" என்று முடித்துவிடக் கூடாது. உயிரியலில் இல்லை, சட்டத்தில் இருந்தது. சட்டத்தில் இருந்ததால் வீடு, வேலை, கல்லறை வரை இருந்தது. இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்லாவிட்டால் பாதிப் பாடம்தான்.

ஜூன் 7

எண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அட்லாண்டிக் அடிமை வணிகத்துக்கு ஆய்வாளர்கள் கப்பல் ஆவணங்களைத் தொகுத்து வைத்திருக்கும் மதிப்பீடு இது: ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றியவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம், மறுகரையில் உயிருடன் இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். கழித்தல் கணக்கை மாணவர்களே போடட்டும். விடை 18 லட்சம். விடையை எழுதியபிறகு "இந்த எண் எதைக் குறிக்கிறது?" என்று கேளுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர்களே கண்டுகொள்வது நல்லது.

இன்னொரு எண்ணும் அவசியம். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகள் இருக்கும் வட அமெரிக்க நிலப்பகுதிக்குப் போனவர்கள் சுமார் 3,88,000. பிரேசிலுக்கு 48 லட்சம் அளவில். அடிமைமுறை என்றால் பருத்தித் தோட்டம் மட்டும்தான் என்ற எண்ணம் இந்த இரண்டு எண்களில் உடைந்துவிடும். கரும்பு எங்கே இருந்ததோ அங்கேதான் பெருங்கூட்டம் போனது.

பெரிய எண் மரத்துப்போக வைக்கும். அதனால் பக்கத்திலேயே சிறியது ஒன்று வேண்டும். புரூக்ஸ் என்ற அடிமை வணிகக் கப்பலின் வரைபடம் பலருக்கும் தெரியும். 1788-ல் அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் அச்சிட்டது. அன்றைய சட்டம் அந்தக் கப்பலுக்கு அனுமதித்த 454 பேர் என்ற கணக்கில் உருவங்கள் தளங்களில் அடுக்கிய நிலையில் இருக்கும். வளர்ந்த ஆண் ஒருவருக்கு 6 அடி நீளம், 16 அங்குல அகலம். அந்த வரைபடத்தைக் காட்டும் முன் அளவுகோலை எடுத்து 16 அங்குலத்தை மேசைமேல் அளந்து சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். அளவு போதும். யாரையும் அதற்குள் படுக்கச் சொல்ல வேண்டாம்.

பிறகு வரைபடத்தின் மேல் கேள்வி: இதை வரைந்தவர் யார்? எதற்காக? எல்லா உருவங்களும் ஏன் ஒரே மாதிரி? முகம் ஏன் இல்லை? வரைந்தவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள், ஆனாலும் அடைபட்டவர்களை அசையாத கோடுகளாகத்தான் வரைந்தார்கள். அந்தக் கப்பல்களில் கலகம் நடந்தது, உண்ணமறுத்தவர்கள் இருந்தார்கள். படத்தில் அது இல்லை. 1789-ல், அடிமைப்பட்டிருந்து விடுதலை பெற்ற ஒலவுடா எக்குவியானோ தன் வாழ்க்கையைத் தானே எழுதி லண்டனில் வெளியிட்டார். படத்தோடு அவர் குரலும் ஒரே வகுப்பில் வந்தால்தான் பாடம் நேராகும்.

ஜூன் 7, சற்று பிறகு

படுக்கச் சொல்ல வேண்டாம் என்று ஒரு வரியில் போய்விட்டேன். அது பெரிய விஷயம், தனியாகச் சொல்கிறேன்.

அடிமைச் சந்தையை நடித்துக்காட்டுவது, "அடிமைமுறை சரியா தவறா" என்று பட்டிமன்றம் வைப்பது, "நீ ஓர் அடிமை, இன்றைய நாட்குறிப்பு எழுது" என்பது. மூன்றும் வகுப்புகளில் நடப்பவை, மூன்றும் கூடாதவை. நடிப்பில் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு வந்தபின் பாடத்தை மீட்க முடியாது. பட்டிமன்றத்தில் ஒரு பிள்ளை அடிமைமுறைக்கு நியாயம் தேடி எழுத வேண்டியிருக்கிறது, கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது தன் முன்னோரைப் பற்றிய பேச்சு. நாட்குறிப்பு மென்மையாகத் தோன்றும். ஆனால் அதில் வெளிவருவது மாணவரின் கற்பனை, அன்றைய மனிதரின் அனுபவம் அல்ல.

பதிலாக அன்றைய மனிதர்கள் எடுத்த முடிவுகளை ஆவணத்தில் படிக்கச் சொல்லுங்கள். ஓடிப்போனவரைப் பிடித்துத் தருமாறு முதலாளிகள் செய்தித்தாளில் கொடுத்த விளம்பரங்கள் நல்ல சான்று. முதலாளி எழுதியதுதான், ஆனால் அவரை அறியாமலே நிறையச் சொல்லிவிடுவார்: ஓடியவருக்கு எத்தனை மொழி தெரியும், என்ன கைத்தொழில், மனைவி எந்தத் தோட்டத்தில், எந்தத் திசையில் போயிருக்கலாம். எதிரியின் ஆவணத்திலிருந்து ஓடியவரின் அறிவையும் துணிவையும் எடுப்பது. இந்தப் பயிற்சிக்கு ஒரு பீரியட் முழுதாக வேண்டும்.

வசைச் சொற்கள் ஆவணத்தில் வரும். உரக்க வாசிக்க வேண்டாம், வாசிக்கச் சொல்லவும் வேண்டாம். "இங்கே ஒரு வசைச் சொல் இருக்கிறது, அதன் வேலை இது" என்று ஒருமுறை சொல்லிக் கடந்துவிடலாம். இன்னொன்று: பாடத்தில் வரும் மக்களோடு உறவுள்ள மாணவர் வகுப்பில் இருந்தால், "நீ சொல்லு, உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று எழுப்பாதீர்கள். அந்தப் பிள்ளை ஒரு மக்கள்கூட்டத்தின் தூதர் அல்ல. தானாகப் பேச வந்தால் இடம் கொடுங்கள்.

ஜூன் 10

ஒரே ஒரு பாடம்தான் எடுக்க முடியும் என்றால் பெரிய ஜிம்பாப்வேயை எடுங்கள் என்பேன். இனவெறி எப்படிச் சான்றையே கெடுக்கும் என்று காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இன்றைய ஜிம்பாப்வே நாட்டில், சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய நகரம். அதிலுள்ள பெருஞ்சுற்று என்ற மதில் வளாகத்தின் வெளிச்சுவர் சுமார் 250 மீட்டர் சுற்றளவு, உயரம் சில இடங்களில் 11 மீட்டர். காலம் 11 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை. கட்டியவர்கள் ஷோனா மக்களின் முன்னோர்.

1871-ல் அங்கே போன ஜெர்மானியர் கார்ல் மௌக், இதை ஆப்பிரிக்கர் கட்டியிருக்க முடியாது, விவிலியத்தில் வரும் ஷீபா அரசியோடு தொடர்புள்ளது என்றார். அவருடைய சான்று ஒரு மரத்துண்டு. அதன் வாசனை தன் பென்சிலின் வாசனைபோல இருக்கிறது, பென்சில் தேவதாரு, ஆகவே இதுவும் தேவதாரு, ஆகவே லெபனானிலிருந்து வந்தது, ஆகவே ஷீபா. உண்மையில் அது அந்தப் பக்கத்து மரமே. இந்த "ஆகவே" வரிசையைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எந்தப் படியில் பலகை உடைகிறது என்று மாணவர்கள் காட்டட்டும். பெரும்பாலோர் முதல் படியையே காட்டுவார்கள். அதற்கும் மேலே எழுதாத படி ஒன்று இருக்கிறது: "ஆப்பிரிக்கரால் முடியாது." அதை அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். 1902-ல் அந்த இடத்துக்குக் காப்பாளராக வந்த ரிச்சர்ட் ஹால், "பிற்காலக் குப்பை" என்று சொல்லி ஆப்பிரிக்கர் வாழ்ந்த மண்ணடுக்குகளைத் தோண்டி அப்புறப்படுத்தினார். அடியில் பழைய அயல்நாட்டு நகரம் இருக்கும் என்று நம்பினார். தேடியதும் கிடைக்கவில்லை, இருந்ததும் போயிற்று. 1904-ல் பதவி போனது. 1905-ல் தொல்லியலாளர் ராண்டல்-மக்கைவர் அகழ்ந்து, இது ஆப்பிரிக்கர் கட்டியது, இடைக்காலத்தது என்றார். 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் கவனமான அடுக்கு அகழாய்வு செய்து அதையே உறுதிசெய்தார்.

சான்று வந்துவிட்டது, சண்டை முடிந்தது என்று மாணவர் நினைப்பார். முடியவில்லை. வெள்ளைச் சிறுபான்மையர் ஆண்ட ரொடீஷியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) 1960, 70-களில்கூட அரசு வெளியீடுகளில் ஆப்பிரிக்கர் கட்டியது என்று தெளிவாக எழுத நெருக்கடி இருந்தது. தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970-ல் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. 1980-ல் விடுதலை பெற்ற நாடு அந்தக் கல்நகரின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது, அங்கே கிடைத்த கற்பறவை கொடியில் ஏறியது.

வகுப்பில் பகிர்வதற்கு ஐந்து அட்டைகள் போதும்: 1871, 1902, 1905, 1929, 1970. ஆண்டையும் சான்றையும் மட்டும் எழுதுங்கள். அன்று அவர்கள் சொன்ன முடிவை வாயால் சொல்லுங்கள், அட்டையில் எழுதாதீர்கள். மாணவர்கள் ஒவ்வொரு அட்டைக்கும் "சான்று என்ன? அந்தச் சான்றிலிருந்து இந்த முடிவு வருமா? இந்த முடிவால் யாருக்கு என்ன கிடைக்கும்?" என்று மூன்று வரி எழுத வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பதில்: நிலம். இங்கே முன்பு யாரும் எதுவும் கட்டவில்லை என்றால் வந்தவர் எடுத்துக்கொண்டது திருட்டாகாது.

ஜூன் 11

மேலுள்ளதற்கு இரண்டு பீரியட் வேண்டும். மண்ணடுக்கு என்றால் என்ன என்று தெரியாத வகுப்புக்கு மூன்று. கண்ணாடித் தம்ளரில் மூன்று நிற மணலை அடுக்கிக் காட்டி, பிறகு ஒரு கரண்டியால் கலக்குங்கள். ஹால் செய்தது அதுதான். திரும்பப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஜூன் 13

அடிமை ஒழிப்புப் பாடம். நல்ல மனம் கொண்ட ஆங்கிலேயர் சிலர் போராடினார்கள், பாராளுமன்றம் சட்டம் போட்டது, விடுதலை கிடைத்தது. இப்படித்தான் பெரும்பாலும் இருக்கிறது. பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ் பெயர் மட்டும் தேர்வுக்கு வரும். அவர் செய்ததைக் குறைக்க வேண்டியதில்லை. கூடவே இவற்றையும் ஒரே நீளக் காகிதத்தில் வரிசையாக ஒட்டுங்கள்:

1791: அன்று பிரெஞ்சுக் காலனியாக இருந்த இன்றைய ஹைட்டியில் அடிமைப்பட்டவர்களின் எழுச்சி தொடங்கியது.
1804, ஜனவரி 1: ஹைட்டி தனிநாடு. நெப்போலியன் அனுப்பிய படை தோற்றது.
1807: பிரிட்டன் அடிமை வணிகத்தை மட்டும் தடைசெய்தது. அடிமைகளை வைத்திருப்பது தொடர்ந்தது.
1823: டெமராராவில் (இன்றைய கயானா) எழுச்சி.
1825: ஹைட்டியைத் தனிநாடாக ஏற்றுக்கொள்ள 15 கோடி பிராங்க் கேட்டது பிரான்ஸ். 1838-ல் 9 கோடியாகக் குறைத்தது.
1831 கிறிஸ்துமஸ்: ஜமைக்காவில் பேரெழுச்சி. அதன் தலைவர் சாமுவேல் ஷார்ப் 1832 மே மாதம் தூக்கிலிடப்பட்டார்.
1833: பிரிட்டனின் அடிமை ஒழிப்புச் சட்டம்.
1834: அட்லஸ் என்ற கப்பல் இந்தியாவிலிருந்து 36 ஒப்பந்தத் தொழிலாளர்களோடு மொரீஷியஸ் சேர்ந்தது.
1838: "பயிற்சிக்காலம்" என்ற பெயரில் நீடித்த கட்டாய உழைப்பு முடிந்தது.

மாணவர் செய்ய வேண்டியது அம்புக்குறி போடுவது மட்டும். எது எதைத் தூண்டியிருக்கலாம், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று. ஜமைக்கா எழுச்சிக்கும் 1833 சட்டத்துக்கும் இடையே இரண்டு ஆண்டுகூட இல்லை என்பதைக் காகிதத்தில் பார்க்கும்போது கேள்வி தானாக எழும். 1807-க்கும் 1833-க்கும் வேறுபாட்டைக் குழப்பிக்கொள்வார்கள், எல்லா வகுப்பிலும். வணிகம் வேறு, உடைமை வேறு என்று இரண்டு வண்ண மையில் எழுதுங்கள்.

பிறகு பணம். 1833 சட்டப்படி பிரிட்டன் 2 கோடி பவுன் இழப்பீடு கொடுத்தது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் சுமார் 40 விழுக்காடு. யாருக்குக் கொடுத்தது என்று கேட்டால் வகுப்பில் அநேகமாக எல்லாரும் "விடுதலையானவர்களுக்கு" என்பார்கள். இல்லை, உடைமையாளர்களுக்கு. சுமார் 8 லட்சம் மனிதர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடனின் மிச்சம் 2015-ல்தான் அடைந்தது. இந்தப் பதிலை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், தவறான ஊகம் வெளியே வந்தபின் சொன்னால்தான் நிற்கும்.

ஜூன் 15

மேலுள்ள வரிசையில் 1834 அட்லஸ் கப்பலைச் சும்மா வைக்கவில்லை. அடிமை உழைப்பு முடியும் இடத்தில் ஒப்பந்த உழைப்பு தொடங்குகிறது, அதே கரும்புத் தோட்டத்தில். 1834 முதல் 1917-ல் ஆள்சேர்ப்பு நிற்கும்வரை இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது.

வகுப்புக்கு ஒரு பயணச் சீட்டின் வரிகள் போதும். எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், நெருங்கிய உறவு, உயரம், உடல் அடையாளம். கடைசிக் கட்டத்தில் நிறுத்துங்கள். "இடது முழங்காலில் தழும்பு" என்பது போல எழுதியிருப்பார்கள். எழுதியவர் அடையாளத்துக்காக எழுதினார், ஓடிப்போனால் பிடிக்க. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்க அங்கே கட்டம் இல்லை. "இந்தப் படிவத்தில் எந்தக் கேள்வி இல்லை?" என்று மாணவர்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். என்ன வேலை தெரியும், ஏன் புறப்பட்டார், என்ன மொழி பேசுவார், ஒப்பந்தத்தை யாராவது வாசித்துக்காட்டினார்களா. பட்டியல் சீக்கிரம் பத்தைத் தாண்டும். ஆவணத்தின் மௌனத்தைப் படிப்பது என்றால் இதுதான்.

அப்புறம் "கூலி". தமிழில் அது வேலைக்குக் கொடுக்கும் காசு. காலனிய ஆவணத்தில் அதுவே ஆளின் பெயராகி, தென்னாப்பிரிக்காவிலும் கரிபியனிலும் வசையாக மாறியது. ஆங்கிலச் சொல்லின் பிறப்புக்கு குஜராத்தின் கோலி மக்கள் பெயரையும் காரணமாகச் சொல்வதுண்டு, அதையும் மாணவரிடம் சொல்லிவிடுங்கள். எப்படியானாலும், உழைப்புக்கு உரிய விலையைக் குறிக்கும் நம் சொல் மனிதரை இழிவுசெய்யும் சொல்லாகப் போய்ச்சேர்ந்த வழியைத் தமிழ் வகுப்பால்தான் முழுதாக உணர முடியும்.

ஒரு எச்சரிக்கை: ஒப்பந்த உழைப்பும் அடிமைமுறையும் ஒன்றே என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்தாண்டுக் கால வரம்பு உண்டு, ஊதியம் உண்டு, பிள்ளை பிறப்பால் உடைமை ஆகாது. ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்பதும் உண்டு. ஒற்றுமை மூன்று, வேற்றுமை மூன்று எழுதச் சொன்னால் தெளிவு வரும்.

ஜூன் 18

சாதியை இந்தப் பாடத்தில் எப்படிச் சேர்ப்பது என்று வந்த கேள்விக்கு. இங்கே எனக்கு இரண்டு பக்கமும் கவலை உண்டு.

காலனிய அரசு சாதியை அளந்தது, அட்டவணைப்படுத்தியது. 1901 கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து சாதி வரிசையை இனக் கோட்பாட்டோடு கட்டினார். 1871-ன் குற்றப் பழங்குடிகள் சட்டம் பிறப்பாலேயே குற்றவாளி என்று மக்கள்கூட்டங்களை அறிவித்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது, 1952-ல்தான் முழுதாக நீங்கியது. இவை பாடத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் "வெள்ளைக்காரன் வந்துதான் சாதி வந்தது" என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது இன்னொரு பொய். ஒடுக்கியவர் இங்கேயே இருந்தார்கள், முன்பே இருந்தார்கள். காலனிய நீக்கம் என்ற பெயரில் பழைய பொற்காலத்தை வரைவது மிக எளிது, மிக ஆபத்தும்கூட. காலனியத்துக்கு முந்தைய ஆவணத்துக்கும் அதே கேள்விகளைக் கேளுங்கள்: எழுதியவர் யார், யார் பெயர் இல்லை, யார் நிலம் யாருக்குப் போனது. அரசனின் கல்வெட்டு என்பதற்காகச் சலுகை கிடையாது.

ஜூன் 19

வரைபடப் பாடம் பற்றிச் சுருக்கமாக. சுவரில் தொங்கும் உலக வரைபடம் மெர்கேட்டர் என்ற வரைபடவியலாளர் 1569-ல் மாலுமிகளுக்காகச் செய்த முறை, திசையை நேர்கோடாகக் காட்ட. அதன் விலை, துருவத்தை நெருங்க நெருங்க நிலம் பெருத்துத் தெரிவது. கிரீன்லாந்து 21 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவு, ஆப்பிரிக்கா 3 கோடி, அதாவது 14 மடங்கு. உலக உருண்டையில் ஒரு மெல்லிய தாளை வைத்து கிரீன்லாந்தை வெட்டி ஆப்பிரிக்காமேல் நகர்த்தினால் ஐந்து நிமிடத்தில் புரியும். மெர்கேட்டரை இனவெறியராக்க வேண்டாம். கடலுக்குச் செய்ததை வகுப்பறைச் சுவருக்கு ஏன் எடுத்தோம் என்பதே கேள்வி. நல்ல பயிற்சிதான், ஆனால் இதைச் செய்துவிட்டுப் பாடம் முடிந்ததாக நினைப்பவர்கள் அதிகம்.

ஜூன் 22

தேர்வு. இதுவரை யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லாம் இங்கேதான் முட்டும். "காலனிய ஆட்சியின் நன்மை தீமைகளை எழுதுக" என்று கேள்வி வரும். ரயில், தபால், கல்வி ஒரு பக்கம், பஞ்சம், வரி மறு பக்கம். தராசு மாதிரி இருக்கும், ஆனால் யாருக்கு நன்மை, யார் செலவில் என்பது இரண்டு தட்டிலும் இல்லை.

கேள்வியை மாற்ற முடியாது. விடையை மாற்றலாம். ரயில் என்று எழுதும் மாணவர் அடுத்த வரியிலேயே சொல்லப் பழகட்டும்: இந்தியாவில் ரயில் போட்ட தனியார் நிறுவனங்களின் முதலீட்டுக்கு அரசு 5 விழுக்காடு வருமானத்துக்கு உறுதி கொடுத்தது, குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டியது. இரண்டு வரி. மதிப்பெண் குறையாது, திருத்துபவர் குறிப்பில் இருக்கும் "ரயில்" என்ற சொல்லும் விடையில் இருக்கிறது.

உள்தேர்வு உங்கள் கையில் இருந்தால் ஆவணக் கேள்வி ஒன்று வையுங்கள், 5 மதிப்பெண். எழுதியவர் யார் 1, எப்போது யாருக்காக 1, நோக்கம் 1, ஆவணத்தில் இல்லாதவர் யார், அவரைப் பற்றி வேறு எங்கே தேடலாம் 2. கடைசி இரண்டை ஒன்றாகக் குறைத்தால் மாணவர்கள் அதை விட்டுவிடுவார்கள்.

ஜூன் 22, இரவு

"இதில் எதை முதலில் செய்ய?" என்றால், ஐந்து வாக்கியத்தை. அட்டையோ படமோ அனுமதியோ எதுவும் வேண்டாம். பாடநூலின் அந்தப் பக்கமும் சுண்ணக்கட்டியும் போதும். வாக்கியங்களில் ஒன்றாவது "கொண்டுவரப்பட்டனர்" என்று முடிகிறதா என்று முந்தின இரவே பார்த்து வையுங்கள். திருப்பி எழுதியதை வாசிக்கும்போது எந்த மாணவராவது "கொண்டுபோனார்கள்" என்று தானாகவே மாற்றியிருந்தால் அதை அழிக்காமல் கரும்பலகையில் அடுத்த வகுப்புவரை விட்டுவையுங்கள்.